ஏழாம் நம்பர்ப் பெட்டி

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு இசக்கியப்பனின் போனில் சிவப்பு விழுந்தது. காய் வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனியின் செயலியில் அதுவரை அவர் பார்த்ததெல்லாம் பச்சைதான். பச்சை விழுந்தால் மறுநாள் வேன் வரும். வெண்டைக்காய் செங்கோட்டை தாண்டி மலை ஏறி இறங்கி, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, அடுத்த நாள் இங்கிலாந்தில் ஏதோ ஓர் ஊர்க் கடையில் போய் உட்கார்ந்துவிடும். சிவப்பு விழுந்தால் என்ன ஆகும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லத்தான் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து வடை வந்துவிட்டது.

"ஏட்டி ஸ்வாதி, இங்கன வா. இது என்ன எழவுன்னு வாசி."

ஸ்வாதி தென்காசியில் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறாள். விவசாயிகள் குழுவின் இங்கிலீஷ் கடிதம் எல்லாம் அவள்தான் வாசிப்பாள். போனை வாங்கி ஒருதரம் வாசித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மறுபடியும் வாசித்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்ததுமே இசக்கியப்பன் பக்கத்தில் வந்து நின்றார்.

"செவ்வாக்கெழம போன லோடு அங்க டெஸ்ட்ல தோத்துட்டுப்பா. காயில சாயம் இருக்காம். சிவப்புச் சாயம்."

"வெண்டைக்காய்க்கு எந்தக் கோட்டிக்காரப் பயலாவது சிவப்புச் சாயம் பூசுவானா?"

"எனக்கு என்னப்பா தெரியும்? பெட்டி நம்பர் போட்டிருக்கு. ஏழு. பிச்சைமணியண்ணன் வயக்காடு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஏழாம் நம்பரைக் குழுவுல இருந்து நீங்க எடுத்துரணுமாம். எடுத்துட்டா மத்த பத்து பேருக்கும் நாளைக்கே வேன் வரும். எடுக்கலன்னா பதினோரு பேருக்கும் தொண்ணூறு நாள் நிறுத்தம்."

தொண்ணூறு நாள் என்பது வெண்டைக்கு ஏறக்குறைய முழு ஆயுள். செடி நின்று காய்க்கும் காலம் அவ்வளவுகூட வராது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும். விட்டால் காய் விரலில் இருந்து கம்புக்குப் போய்விடும், அப்புறம் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. உள்ளூர்ச் சந்தையில் போடலாம்தான். ஆனால் சாரல் காலத்தில் சுற்றுவட்டாரம் பூராவும் வெண்டைக்காய்தான் வந்து குவியும், வியாபாரி மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். அதற்குப் பயந்துதான் கீழப்பாவூர்ப் பக்கத்துப் பதினோரு விவசாயிகள் சேர்ந்து ஏற்றுமதிக்கு ஒரே கோடு எண் வாங்கினார்கள். மருந்து அடித்த நாள், தண்ணீர் பாய்ச்சிய நாள் எல்லாவற்றையும் போனில் போட்டார்கள். பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தலைக்கு வலை மாட்டிக்கொண்டு வெண்டைக்காய் தரம் பிரித்தார்கள். அந்த வலையை மாட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து ஒரு மாதம் சிரித்தார்கள். இசக்கியப்பன்தான் தலைவர். நீக்குகிற பொத்தான் அவர் போனில்தான் இருக்கிறது.

"அப்போ பிச்சைமணி பார்த்த சோலிதான்" என்றார் இசக்கியப்பன். அவர் குரலில் கோபம் இருந்தது, கூடவே கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. தன்னுடைய ஒன்றாம் நம்பராக இல்லாமல் ஏழாக இருந்துவிட்டதே என்கிற நிம்மதி. அதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் முதலில் தன் நம்பரைத்தான் பார்ப்பார்கள்.

அடுப்படியில் உலகம்மை புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இசக்கியப்பன் பெண்டாட்டி. சிவப்புச் சாயம் என்று மகள் சொன்ன உடனே அவள் கை புளித்தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

லோடு போன அந்தச் செவ்வாய்க்கிழமை ஆடி மாதத்து முதல் செவ்வாய். விடிகாலையில் முப்பிடாதி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டு நேரே காய் தரம் பிரிக்கிற ஷெட்டுக்கு வந்தாள். கையில் குங்குமம் இருந்தது. கோயில் வாசலில் வாங்கிய பாக்கெட் குங்குமத்தை அம்மன் காலில் வைத்து எடுத்தது. வெள்ளாமையில் வீட்டை விட்டுப் புறப்படுகிற முதல் பொருளுக்குப் பொட்டு வைத்து அனுப்புவது அவளுக்குப் பழக்கம். நெல் மூட்டைக்கும் வைத்திருக்கிறாள், உளுந்துக்கும் வைத்திருக்கிறாள். இந்த வருடம் காய்ப்பு நன்றாக இருக்கிறதே, கண்ணேறு பட்டுவிடக் கூடாதே என்று வேனில் ஏறவிருந்த முதல் பெட்டியைத் திறந்து, மேலாக இருந்த நாலைந்து காய்க்குத் தாராளமாக வைத்தாள். மிச்சத்தை உள்ளேயே தூவிவிட்டு மூடினாள். நல்ல சாரல் அன்றைக்கு. குற்றாலத்து மலையே தெரியவில்லை. பெட்டியெல்லாம் நசநசவென்று ஈரம்.

அது யார் பெட்டி என்று அவள் பார்க்கவில்லை. வேன் கதவுக்குப் பக்கத்தில் முதலாவதாக இருந்தது, அவ்வளவுதான்.

ஷெட் சுவரில் பெரிய படம் ஒட்டியிருக்கிறார்கள். வெற்றிலைக்கு ஒரு பெருக்கல் குறி, பீடிக்கு ஒன்று, வளையலுக்கு ஒன்று, தலைப்பூவுக்கு ஒன்று. உலகம்மை வளையலைக் கழற்றினாள், பூவை எடுத்தாள். படம் வரைந்தவனுக்கு ஆடிச் செவ்வாய் தெரியாது. குங்குமத்தை அவன் போடவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஷெட்டில் பஞ்சாயத்து. இசக்கியப்பன் போன் போட்ட பத்தாவது நிமிடம் பிச்சைமணி சைக்கிளில் வந்துவிட்டார். ஐம்பது சென்ட்தான் அவருக்கு. குழுவிலேயே சின்ன வயல். பத்து பேர் மேலத்தெருக்காரர்கள், அவர் ஒருவர்தான் காலனியில் இருந்து வந்தவர். பதினோரு பேர் இருந்தால்தான் கோடு கிடைக்கும் என்று சொன்னதால் சேர்த்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அதனாலேயோ என்னவோ, விதிமுறையை அவர் அளவுக்கு ஒழுங்காகப் பார்த்தவர் யாரும் இல்லை.

"சாயமா? எதுக்கு அண்ணாச்சி? வெண்டைக்காய் பச்சையால்லா இருக்கு" என்றார் பிச்சைமணி.

"அதைத்தான் நானும் கேக்கேன். உன் பெட்டியிலதான் இருந்திருக்கு. மெசின் பொய் சொல்லுமாலே?"

"மெசின் சொல்லாது. நானும் சொல்லல."

இசக்கியப்பனைவிடப் பிச்சைமணிக்கு நாலு வயது கூட இருக்கும்.

பக்கத்து வயல்காரர் அய்யாத்துரை பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். அவருக்கு எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும். "வீட்டுல பிள்ளைக கோலப்பொடி எதுவும் கொட்டிருக்கும். இல்லன்னா சாக்குல வித்துக்குத் தடவுன மருந்து ஒட்டிருக்கும். அதெல்லாம் சிவப்பாத்தான இருக்கும்? உங்க வீட்டுல அதையும் இதையும் ஒண்ணாப் போட்டு வச்சிருப்பிய."

"எங்க வீட்டுல என்ன வச்சிருப்போம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுக்குள்ள நீங்க வந்திருக்கியளா?"

பிச்சைமணி சத்தம் போடாமல்தான் கேட்டார். அய்யாத்துரை முகம் கறுத்துவிட்டது.

"வாங்க, எல்லாரும் வந்து பாருங்க. வீட்டைப் பாருங்க, வயலைப் பாருங்க" என்றார் பிச்சைமணி. "ஒரு துளி சாயம் இருந்தா நானே வெளிய போயிருதேன். இல்லாம எடுத்தியன்னா அது நல்லாருக்காது அண்ணாச்சி. எடுத்துட்டா என் நம்பர் கெட்ட நம்பர்னு எல்லாக் கம்பெனிக்கும் போயிருமாம்லா. எம்மவன் சொன்னான். இனிமே எவனும் எங்கிட்டக் காய் எடுக்க மாட்டான்."

இசக்கியப்பன் வெளியே மலையைப் பார்த்தபடி, "அஞ்சு மணி வரை நேரம் இருக்கு. யோசிப்போம்" என்றார். ஆனால் யோசிக்க அவருக்கு எதுவும் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

மத்தியானம் சோறு போட்டுவிட்டு உலகம்மை சொன்னாள். முதல் கவளம் அவர் வாய்க்குப் போகட்டும் என்று காத்திருந்தாள். ஆனால் அதற்குள் அவளாலேயே பொறுக்க முடியவில்லை.

"என்னங்க, அது குங்குமம். நான்தான் வச்சேன்."

இசக்கியப்பனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் சோற்றைப் பிசைந்த கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டார்.

"யார்ட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லிராத." எழுந்துபோய்க் கதவை ஒருக்களித்துவிட்டு வந்தார். "ஏட்டி, உனக்கு விவரம் புரியுதா? அவன் வயல்ல தப்புன்னா அவன் ஒருத்தன் போவான். ஷெட்டுல தப்புன்னா கோடே போச்சு. ஷெட்டு யார் பேருல இருக்கு? என் பேருல. பதினோரு வீட்டுல அடுப்பு எரியணுமா வேண்டாமா?"

"அந்தப் பதினொண்ணுல அவுக வீடும் ஒண்ணுதான?"

"அவனுக்கு நான் வேற வழி பண்ணுதேன். நம்ம வயல்லயே ஒரு பாத்தியைக் குத்தகைக்கு விடுதேன். நம்ம நம்பர்ல காயைப் போடட்டும்."

"அவுக தப்பு செய்யலயே, எதுக்கு நம்ம நம்பர்ல போடணும்?"

"நீ குங்குமம் வைக்காம இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது!" என்று கத்தினார். பிறகு அவருக்கே குரல் கம்மிவிட்டது. "உலகு, நான் பொல்லாதவன் இல்ல. எனக்கு வேற வழி தெரியல. பத்து பேரும் என்னைய நம்பி நெல்லு போடுறதை விட்டுட்டு வந்தானுவோ."

அதுவும் உண்மைதான். அவர் பொல்லாதவர் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஸ்வாதி, "நல்லாருக்குப்பா உங்க நியாயம்" என்று மட்டும் சொன்னாள். அப்பா முறைத்ததும் போனைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். குழம்பு ஆறி ஆடை கட்டியது. யாரும் சாப்பிடவில்லை.

மூன்றரை மணிக்கு அவள் பிச்சைமணி வயலுக்குப் போனாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. சும்மா ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டாள். வரப்பு வழுக்கியது. மேற்கே இருந்து காற்று சாரலை அள்ளிக்கொண்டு வந்து முகத்தில் போட்டது.

மாரிச்செல்வி தனியாகக் காய் பறித்துக்கொண்டிருந்தாள். பிச்சைமணி சம்சாரம். புருசனுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். வெண்டைச் சுணை கையில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும்.

"நாளைக்கு வேன் வருமோ வராதோ தெரியாது, நீ பறிக்கியே" என்றாள் உலகம்மை.

"செடிக்கு அது தெரியுமாக்கா? பறிக்கலன்னா முத்திரும்லா."

உலகம்மையும் முந்தானையை மடக்கிக் கட்டிக்கொண்டு எதிர்ப் பாத்தியில் பறிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் காம்பு ஒடிகிற சத்தம்தான். அவள் கையுறை போடவில்லை, ஐந்தாறு காயிலேயே விரல் எரிந்தது.

"மாரி."

"சொல்லுங்கக்கா."

"செவ்வாக்கெழம... அந்தப் பெட்டியில..."

"தெரியும்க்கா."

உலகம்மை நிமிர்ந்தாள். மாரிச்செல்வி நிமிரவில்லை, பறித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"நான் பின்னாலதான நின்னேன், தராசுப் பக்கம். நீங்க பொட்டு வச்சதைப் பாத்தேன். எங்க பெட்டிக்கு வச்சியளேன்னு எனக்கு அம்புட்டு சந்தோசம். இந்த ரெண்டு வருசத்துல எங்க காயை ஒருத்தரும் அவுக காயோட சேத்துக்கூட வைக்க மாட்டாக, தள்ளித்தான் வைப்பாக. வந்து எங்க வீட்டுக்காரவுகட்ட சொன்னேன், அக்கா நம்ம பெட்டிக்குத்தான் மொதப் பொட்டு வச்சாகன்னு. அவுக அன்னைக்கு அல்வா வாங்கிட்டு வந்தாக."

உலகம்மை பாத்தியைத் தாண்டி அவள் பக்கம் வந்தாள். "அப்போ ஷெட்டுல அவுக ஏன் அதைச் சொல்லல?"

"சொன்னா யாருக்கா நம்புவா? தலைவர் வீட்டம்மா மேல பழி போடுதான்னுல்லா சொல்லுவாக. போன் வந்ததுமே நான்தான் சொல்ல வேண்டாம்னுட்டேன். அக்காவுக்கு வாயிருக்கு, தெரிஞ்சா அவுகளே சொல்லுவாகன்னு சொன்னேன்."

மாரிச்செல்வி அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். கேட்கிற பார்வை இல்லை அது. இவள் என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு முன்னால் உலகம்மையால் நிற்க முடியவில்லை. வாரேன் என்றுகூடச் சொல்லாமல் வரப்பில் ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலே முக்கால். இசக்கியப்பன் கட்டிலில் போனோடு உட்கார்ந்திருந்தார். திரையில் பதினோரு பெயர். ஏழாவது பெயருக்கு நேரே மட்டும் ஒரு பொத்தான். அய்யாத்துரை அதற்குள் மூன்று தடவை கூப்பிட்டுக் கேட்டுவிட்டார்.

"அமுக்கிராதிய" என்றாள் உலகம்மை.

"போய் உள்ள இரு."

"நான் ஜெனோ மேடத்துட்ட பேசப்போறேன்."

ஜெனோ நாகர்கோவில் பக்கத்துப் பெண். கம்பெனியின் தரம் பார்க்கிற அதிகாரி, திருவனந்தபுரத்தில் இருக்கிறாள். மாதம் ஒருதரம் வந்து எல்லோருடைய நகத்தையும் பார்த்துவிட்டுப் போவாள். இசக்கியப்பன் பதில் சொல்லுமுன் ஸ்வாதி தன் போனை அம்மா காதில் வைத்துவிட்டாள்.

"ரிங் போவுதும்மா."

இசக்கியப்பன் எழுந்தார். பிடுங்கிவிடுவார் என்றுதான் உலகம்மை நினைத்தாள். அவர் பிடுங்கவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

உலகம்மை எல்லாவற்றையும் சொன்னாள். கோயிலில் ஆரம்பித்து, வேண்டாத சங்கதியெல்லாம் சேர்த்து, மூச்சு வாங்காமல் சொன்னாள்.

"அக்கா, இதைச் சொன்னா என்ன ஆகும்னு தெரியும் இல்லியா?" என்றாள் ஜெனோ.

"தெரியும்."

"எனக்கு இதை மறைக்க முடியாது. அங்க வாங்குற கடைக்காரங்களுக்கு ரிப்போர்ட் போகணும். அவங்களுக்கு அம்மன் பத்தியெல்லாம் எழுதிப் புரியவைக்க எனக்குத் தெரியல. கலெக்ஷன் பாயின்டுல கலப்படம்னுதான் எழுதணும். ஷெட்டு நிறுத்தம். பதினோரு பேருக்கும்."

"ஏழாம் நம்பர்?"

"அதுல தப்பு இல்லன்னு எழுதுதேன். தொண்ணூறு நாள் கழிச்சு எல்லாரும் மறுபடி வரலாம். ஆனா கண்டிப்பா எடுப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது. அதுக்குள்ள வேற ஊர்க்காரங்க வந்துருவாங்க."

ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பதினோரு பெயரும் சிவப்பாயின. இசக்கியப்பன் சட்டையை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்துப் போய்விட்டார். வைதிருந்தால்கூட உலகம்மைக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஷெட்டில் பதினோரு வீட்டுக் காயும் வந்து இறங்கியது. பறித்த காயை என்ன செய்ய முடியும்? அய்யாத்துரை சந்தைக்குப் போகிற டெம்போ ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். இசக்கியப்பன் வரவில்லை, தங்கை வீட்டில் தங்கிவிட்டதாக மட்டும் மகளுக்குச் செய்தி வந்தது. உலகம்மை ஒன்பது பெட்டியை ஆட்டோவில் போட்டுத் தானே கொண்டுவந்து இறக்கினாள்.

ஆட்கள் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள் என்பது முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. பிச்சைமணிதான் கம்பெனிக்காரியிடம் அழுது காரியம் சாதித்துவிட்டான், தலைவர் வீட்டம்மாவைப் பேசவைத்துவிட்டான் என்று பேச்சு. பிச்சைமணி தன் ஆறு பெட்டியோடு ஷெட்டுக்கு வெளியே சாரலில் நின்றார். மாரிச்செல்வி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றாள்.

"அவுக யார்ட்டயும் எதுவும் கேக்கல" என்றாள் உலகம்மை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "குங்குமம் வச்சது நான். போன் போட்டதும் நான். வையணும்னா என்னைய வைங்க."

யாரும் வையவில்லை. அய்யாத்துரை மட்டும் அவள் பக்கம் திரும்பாமல் கேட்டார். "ஒருத்தன் போனா போயிருக்கும் மதினி. எங்க பத்து பேரையும்விட அவன் உங்களுக்கு ஒசத்தியாப் போயிட்டானோ?"

ராத்திரி முழுக்க அவளும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வீட்டுப் பெண்களுடைய முகமும் அவள் கண்ணுக்குள் வந்து போனது. செய்தது சரிதான் என்று இப்போதுகூட அவளால் சொல்ல முடியாது. செய்யாமல் இருந்திருக்க முடியாது, அதை மட்டும்தான் சொல்ல முடியும்.

பெட்டிகள் ஏற ஆரம்பித்தன. ஒரு பெட்டிக்கு இரண்டு பேர் கை கொடுத்தால்தான் டெம்போவின் உயரத்துக்குத் தூக்க முடியும். வழக்கமாக ஆண்கள் எல்லாருடையதையும் மாற்றி மாற்றி ஏற்றுவார்கள். இன்றைக்கும் அப்படித்தான் ஏற்றினார்கள். உலகம்மையின் ஒன்பது பெட்டியை மட்டும் தொடாமல் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். வெளியே நின்ற பிச்சைமணியை அய்யாத்துரையே கூப்பிட்டார். "ஏ பிச்சைமணி, ஏன் அங்கன நிக்க? உன் பெட்டியக் கொண்டா" என்று அவருக்கு ஒரு கை கொடுத்து ஆறையும் ஏற்றிவிட்டார். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவருடைய பெட்டியை அய்யாத்துரை தொட்டார்.

கடைசியில் தரையில் ஒன்பது பெட்டி மட்டும் நின்றது. டெம்போக்காரன் இன்ஜினைப் போட்டுவிட்டு, "ஏறாதா இது?" என்று பொதுவாகக் கேட்டான்.

பிச்சைமணி அந்தப் பெட்டிகளைப் பார்த்தார். அய்யாத்துரையைப் பார்த்தார். மற்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாரிச்செல்வி முழங்கையால் அவர் முதுகில் லேசாக இடித்தாள். அவர் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார். அந்தக் கால் மண்ணில் ஊன்றாமல் தயங்கியது.

உலகம்மைக்குக் கோபம் வரவில்லை. இந்த மனிதன் இதே ஊரில், இதே ஒன்பது பேரோடுதான் இனியும் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், இவர்களோடுதான் சந்தைக்கு வண்டி பிடிக்க வேண்டும். இப்போது இந்தப் பெட்டியில் கை வைத்தால் இன்றைக்குக் கிடைத்த ஒரு கையும் நாளைக்குப் போய்விடும்.

"அண்ணாச்சி, நீங்க தொடாதிய" என்றாள் அவள், ஷெட்டே கேட்கிற சத்தத்தில். "யாரும் தொடாண்டாம். நானே ஏத்திக்கிடுதேன்."

குனிந்து முதல் பெட்டியைத் தனியாகத் தூக்கினாள்.